இன்னொரு ஷட்டர்

ஐந்து மணி நேரம் பேருந்தில் வந்து
என் மேஜைமேல் அதை வைத்தார் வால்தெமார் எச்செவெரி.
லென்ஸ் இல்லாமலே ஒன்றரைக் கிலோ.
"எது உடைந்தது?" என்றேன்.
"நான்" என்றார்.

ஏப்ரலில் பக்கவாதம்.
வலது கை, பிழிய மறந்த துவாலைபோல.
கேமராவை நொட்டாங்கைக்கு மாற்றித் தர வேண்டுமாம்,
ஞாயிறு பாய்சாந்துவில் ஆட்டம் இருக்கிறதாம்.

ரப்பர் தோலை உரித்துக் காட்டினேன்.
அடியில் மெக்னீசியக் கூடு,
மூட்டுக்கு மூட்டு மழை புகாத மெல்லிய வளையம்.
"பாருங்கள், இதை வரைந்தவர்களுக்குக்
கை என்றால் வலது கை.
நடுவிரல் பதுங்க ஒரு குழி,
கட்டைவிரல் சாய ஒரு மேடு,
சுட்டுவிரல் தானாக இறங்கும் இடத்தில் ஷட்டர்,
பக்கத்திலேயே பல்வைத்த சக்கரம்.
இடது கைக்கு மிச்சம் வைத்தது
படம் பார்க்க ஒரு பொத்தான்,
அழிக்க ஒரு பொத்தான்.
எல்லாம் முடிந்தபின் செய்கிற காரியங்கள்.
இதை நான் எங்கே மாற்ற?"

அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.
அந்தக் கை மடியில் கிடந்தபடி
பழைய பொத்தான்களைத் தேடிக்கொண்டிருந்தது.
அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

எங்கள் நாட்டில் இடது கை
பிளாஸ்க்கை அக்குளில் இடுக்கிக்கொள்ளத்தான் பிறக்கிறது.
மாத்தே ஊற்றுவது வலதின் வேலை.
அவர் பிளாஸ்க்கை நீட்டினார், நான் ஊற்றினேன்.
சூடு போதவில்லை என்று குறை வேறு சொன்னார்.

ரசீதுக்கு வரிசை எண் வேண்டும்.
அடித்தகட்டில் இருக்கும்.
கவிழ்த்தேன்.

நெட்டுக்குத்தான படங்களுக்கென்று
இதன் அடிமூலையில் இன்னொரு ஷட்டர் உண்டு.
கவிழ்ந்த வேகத்தில் அது மேலே வந்து
இடது ஓரத்தில் உட்கார்ந்திருந்தது,
அங்கேயே இருந்ததுபோல.

"இதைத் தொட்டதே இல்லை" என்றார்.
இருபத்தாறு வருடம் முழங்கையைத் தூக்கியே எடுத்தவர்.
சுற்றியிருந்த பூட்டு மைதானச் சேற்றில் இறுகிப்போயிருந்தது.
பஞ்சில் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தேன், விட்டது.

தலைகீழாகவே கண்ணில் ஏற்றினார்.
உள்ளே கண்ணாடி எழுந்து விழுந்தது,
ஒரே மூச்சில் பதினொரு தடவை.
சுவர்க் காலண்டரில் இருந்த பசுமாடு
இவ்வளவு வேகத்தில் யாராலும் பிடிக்கப்பட்டதில்லை.

"உலகம் நேராகத்தான் நிற்கிறது, சுல்மா" என்றார்.
"எண்கள்தான் குப்புறக் கிடக்கின்றன.
எட்டு எட்டாகவே இருக்கிறது, நல்ல பிள்ளை.
ஆறும் ஒன்பதும்தான் ஏமாற்றப் பார்க்கும்."

நீள லென்ஸின் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினால்
உடல் மட்டும் சுழலும், கால் தரையிலேயே நிற்கும்
என்று நான் சொல்ல வாயெடுத்தபோது
பாதிப் படி இறங்கியிருந்தார்.
துடைத்ததற்கு மட்டும் காசு வாங்கினேன்.

ஞாயிறு இரவு படம் வந்தது.
நல்ல மழை அங்கே.
வானம் கீழே, சேறு மேலே.
கோல்கம்பத்திலிருந்து வௌவால்போலத் தொங்குகிறான்
மஞ்சள் சட்டைக் கோலி.
விரல்நுனிக்கும் பந்துக்கும் நடுவே
ஒரு துளி, கூர்மையாக.

டேப்லெட்டைத் திருப்பினேன்.
படமும் கூடவே திரும்பிக்கொண்டது.
மறுபடி திருப்பினேன், மறுபடி அதேதான்.
கடைசியில் மேஜைக்கடியில் தலையைவிட்டு,
கழுத்து வலிக்க, நான்தான் கவிழ்ந்தேன்.

அடியில் இரண்டு வரி எழுதியிருந்தார்:
தோள்வார் கீழே தொங்கித்
தாங்கியின் ஒற்றைக்காலில் சிக்குகிறது.
அதற்கு ஏதாவது செய்.