உயிர்ச் சான்று

செபமாலை இன்னும் உயிரோடுதான் இருக்கிறார் என்று
வருடத்துக்கு ஒருதரம்
கிராம சேவகர் கையெழுத்து வைக்கவேணும்.
தலவாக்கலை ஸ்டேஷனில் சிக்னல் பார்த்தவர்.

குடை பிடித்து நான்தான் கூட்டிப்போனேன்.
அன்பு என்று நினைக்காதீர்கள்.
அந்தப் பென்ஷனுக்குள்
என் கடைப் பருப்பு கிடக்கிறது,
பார்மசிப் பாக்கி,
தோட்டத்தில் பேர் வெட்டுப்பட்ட மருமகளின் சீட்டுக்காசு,
பிரதேச சபைக்குக் கான் கட்டிக்கொடுத்து
ஒன்பது மாதமாய்ப் பில் கிடைக்காத
மகனின் வட்டி.

“ஆள் இருக்கார்தானே?”
தலை நிமிரவில்லை சேவகர்.
“இருக்கேன்” என்றவர் இருமினார்.
மை காய்ந்த முத்திரை
இரண்டாம் குத்திலும் பாதிதான் விழுந்தது.

வரும்போது ஆட்டோவுக்கு முந்நூறு, நான் கொடுத்தேன்.
கொப்பியில் எழுத மனம் வரவில்லை.

ராவைக்கு எழுதினேன்.