சாட்சி போடும் இடம்

சர்ஜாபூர் சாலை. பதினேழாவது மாடி.
"மதலேன், இங்கே ஒரு கையெழுத்து" என்றார் சார்.
மேசைமேல் ஏழு பக்கம்.
எதிரில் மாரிவிக்,
பல் பிடுங்க வந்தவளைப் போல
முழங்கால்களை ஒட்டவைத்து உட்கார்ந்திருந்தாள்.

போட்டேன்.
என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை.
இருபத்திரண்டு வருடமாகப் பெங்களூரில்
ஒன்பது வீட்டு அடுப்பு பார்த்தவள் நான்.
என் ஒப்பந்தமெல்லாம்
காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்தில்
மேடம் போடும் பென்சில் கோடு.
வராத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி.

டெல்லியிலிருந்து
அவள் நாட்டுத் தூதரகத்துப் பெண் வீடியோவில் வந்தாள்.
எங்கே தூங்குகிறாய், காட்டு.
ஸ்டோர் அறை அரிசி மூட்டைகளை
முந்தின நாள் நகர்த்தியது நான்.
விரிப்பை இஸ்திரி போட்டது நான்.
ஜன்னல்? என்று கேட்டபோது சார்
போனைச் சமையலறைப் பக்கம் திருப்பினார்.
அங்கே என் ஜன்னல். என் கறிவேப்பிலைத் தொட்டி.
நானும் சிரித்தேன், கேமராவைப் பார்த்து.

முத்திரை விழுந்தது.
மூட்டைகள் மறுநாளே திரும்பி வந்து
அவள் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டன.

விருந்து முடிந்து பாத்திரம் குவிந்த ஒரு ராத்திரி
குழந்தையின் பால் புட்டியைக் கொதிக்கவிட்டபடி
தாளை எனக்குப் படித்துக் காட்டினாள்.
அவள் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் சேர்ந்தால்
ஒரு முழு ஆங்கிலம்.
எட்டு மணி நேர வேலை. தனி அறை.
பாஸ்போர்ட் அவளிடமே இருக்கும்.
(லாக்கரில் இருக்கிறது, மேடத்தின் அட்டிகைக்கு அடியில்.
தூசி தட்டும்போது பார்த்தேன்.)
ஞாயிறு விடுமுறை.

ஒரு ஞாயிற்றுக்கிழமையை
எழுதி முத்திரை குத்தி வைத்திருக்கிறாள் ஒருத்தி!
பொறாமையாக இருந்தது, மாதாவே.
அப்புறம்தான் விரல் விட்டு எண்ணினேன்.
கையெழுத்துப் போட்டுப் பதினாறு ஞாயிறு.
ஒன்றில்கூட அவள் லிஃப்டில் தனியாக இறங்கவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் இரண்டாவது தாள்.
ஒன்றரைப் பக்கம், முத்திரை இல்லை.
"இது நமக்குள்ளே" என்றார் சார்.
விமான டிக்கெட்டுக்குப் பிடித்தம், சாப்பாட்டுக்குப் பிடித்தம்,
பாதியில் போனால் அதற்கும் ஒரு பிடித்தம்.

மாரிவிக் பேனாவைத் தொடவில்லை.
கடைசிக் கோட்டில் விரலை வைத்து
என்னைப் பார்த்து அவள் மொழியில் சொன்னாள்:
"சாக்ஸி."

மேசை என்றால் அவளுக்குப் புரியும்.
குருசு என்றாலும் புரியும்.
இந்த வார்த்தையும் கடல் தாண்டிப் போயிருக்கும் என்று
நான் நினைக்கவில்லை.

"கையெல்லாம் மாவு, சார்" என்றேன்.
பூரிக்குப் பிசைந்துகொண்டிருந்தேன், உண்மைதான்.
மறுநாளும் மாவு. அதற்கு மறுநாள் மீன் செதில்.
வெள்ளிக்கிழமை விரலை அரிவாள்மனை கிழித்தது.
அது மட்டும் தற்செயல், சத்தியமாக.
அந்த வாரம் அந்த வீட்டில்
ஐந்து கிலோ கோதுமை தீர்ந்தது.

செப்டம்பர் எட்டு. ஞாயிறு.
சிவாஜிநகரில் மாதா திருவிழா, சாயங்காலம் தேர்.
கேட்டில் காவலாளி பாஸ் கேட்டான்.
அவள் முதல் தாளை விரித்தாள்,
மூன்றாம் பக்கம், விரல் வைத்து.
அவனுக்கு ஆங்கிலம் வராது. முத்திரை தெரியும்.
ஏழாம் பக்கத்துக்குப் புரட்டிக் கீழே இருந்த
தமிழ் எழுத்தைக் காட்டி, யாருது என்றான் கன்னடத்தில்.

"நன்னது" என்றேன்.

ரிஜிஸ்டரில் போகும் நேரம் எழுதினான்.
திரும்பும் நேரம் என்ற கட்டத்தில்
அவன் பேனா கொஞ்சம் நின்றது, பிறகு மூடிக்கொண்டது.

இரண்டாவது தாள் மேலே ஃபிரிட்ஜில்
காந்தத்தின் அடியில் இருக்கிறது.
திங்கட்கிழமை என் கை காலியாகத்தான் இருக்கும்.

வெளியே ஆட்டோக்காரன் எழுநூறு கேட்டான்.
அவள் அவள் மொழியிலும் நான் என் மொழியிலும்
நடுரோட்டில் நின்று
சண்டை பிடித்தோம்.