எண்ணிக்கை நாள்

அக்டோபரின் முதல் புதன்.
இன்று வந்து உட்காரும் பிள்ளைகளின் கணக்கில்தான்
வருஷம் முழுக்க எங்களுக்குச் சோறு.
அதனால் பீட்சா.
அதனால் சிவப்புக் கோமாளி மூக்கோடு
வாசலில் நிற்கிறார் முதல்வர் க்ரோல்சிக்,
மிஷிகன் மழையில்.

நான் வெர்லீன் டப்ஸ். வருகைப் பதிவேடு என்னுடையது.
பதினொரு வருஷமாகத் தலை எண்ணுகிறேன்.
முன்பு இதே கூரையின் கீழ் மெத்தை விற்றார்கள்;
மூன்றாம் வகுப்புக் கதவுக்கு மேல்
'இருபது சதம் தள்ளுபடி'யின் கோந்துத் தடம்
இன்னும் போகவில்லை.
கட்டடம் எங்களுடையதல்ல.
எங்களை நடத்தும் நிறுவனத்தின்
தம்பி நிறுவனத்துக்கு வாடகை தருகிறோம்.
வாடகை ஒரு நாளும் லீவு போட்டதில்லை.

ஒன்பதே கால். நானூற்றுப் பதினொன்று.
பட்ஜெட்டில் எழுதியது நானூற்றுப் பன்னிரண்டு.
வராத ஒருத்தி இப்திசாம் முஸ்லிஹ்,
நான்காம் வகுப்பு.

ஒரு தலைக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம் டாலர்.
வாசிப்புச் சொல்லித்தரும் மிஸ் ஒகஃபோர்
பாதி நாளாவது வருவது அதனால்தான்.

க்ரோல்சிக் மூக்கைக் கழற்றினார்.
கூட்டி வா என்று சொல்லவில்லை,
வேண்டாம் என்றும் சொல்லவில்லை.
ஏனென்று எனக்குத் தெரியும்.
'ஆங்கிலம் கற்போர்' வரிசையில்
அவளை விட்டால் ஒன்பது பேர்.
பத்துக்குக் குறைந்தால் அறிக்கையில் மதிப்பெண் வராது,
ஒரு நட்சத்திரக் குறி வரும்.
கறுப்பினம் எழுபத்தொன்று சதம்,
இலவச மதிய உணவு தொண்ணூற்று நான்கு,
'இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இனம்' ஆறு.
எல்லோருக்கும் எண் உண்டு.
நாலு வருஷமாக இவர்களுக்கு மட்டும் வானம்.
(இப்திசாமுக்கு 'வெள்ளை' என்று குறித்தது நான்தான்.
வேறு பெட்டி இல்லை.)
அவள் வந்தால் பணம் வரும்.
அவள் வந்தால் எண்ணும் வரும்,
அது பார்க்க நன்றாக இருக்காது.

என் காரில் ஒரு பக்க வைப்பர்தான் ஓடும்.
வழியில் புதுப் பள்ளியின் பலகை: சேர்ந்தால் டேப்லட் இலவசம்.
போன வருஷம் முப்பது பேர் அங்கே போனார்கள்.
பிப்ரவரியில் பதினெட்டுப் பேர் திரும்பினார்கள்.
பணம் திரும்பவில்லை.

வீடு பூட்டியிருந்தது.
நலத்துறை அலுவலகம், என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.
அங்கே, மூன்றாம் கவுண்டரில்,
அம்மாவுக்கும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த ஆளுக்கும் நடுவே
குதிகாலை உயர்த்தி நின்றிருந்தாள்.
"ஆறு பேர் என்று போட்டிருக்கிறீர்கள். நாங்கள் ஏழு.
தம்பி ஆகஸ்டில் பிறந்தான்.
இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது, பாருங்கள்."
அவர் பார்த்தார். திருத்தினார்.
எங்கள் கணினியில் அவள் வாசிப்பு: நிலை ஒன்று.

அவசரப்படுத்தியிருக்கலாம்.
பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்தேன்.
அவர்களுக்கும் அன்று எண்ணிக்கை நாள்.

இரண்டு நாற்பதுக்கு வகுப்பில் உட்கார வைத்தேன்.
பீட்சா தீர்ந்து
பெட்டியில் எண்ணெய் வட்டங்கள் மட்டும்.
நானூற்றுப் பன்னிரண்டு.
க்ரோல்சிக்கின் பேனா ஒரு நொடி நின்றது,
பிறகு கையெழுத்துப் போட்டது.

மறு ஆகஸ்டில் அறிக்கை.
நட்சத்திரம் இருந்த இடத்தில் பத்து சதம்:
பத்துப் பேரில் ஒருவர் தேர்ச்சி.
வாரியம் அவசரக் கூட்டம் போட்டது.
நிறுவனம் வாடகையை மூன்று சதம் ஏற்றியது.
அந்த ஒருவர் யாரென்று தாள் சொல்லாது,
என்னிடம் கடவுச்சொல் இருக்கிறது.
பார்த்தேன்.
அவள் இல்லை. மூன்று மதிப்பெண் குறைவு.

மறுபதிவுப் படிவத்தை அவளே நிரப்பியிருந்தாள்.
இனம் என்ற இடத்தில் எல்லாப் பெட்டியும் காலி;
ஓரத்தில், நீலப் பேனாவில், யேமன்.
அதைத் தட்டினால் கணினி ஏற்காது. இரண்டு முறை தட்டிப் பார்த்தேன்.
கீழே, வீட்டில் எத்தனை பேர்?
ஏழு.
அடியில் இரண்டு கோடு.