மூன்று சுழி

பதினொன்று இருபதுக்கு பிரஸ் இறங்கியது.
அஞ்சே நிமிசத்தில்
சிவதாசன் சார் தன் காரைத் தானே எடுத்தார்,
கஞ்சிக்கோட்டிலிருந்து பாலக்காடு வரை
ஹாரனிலிருந்து கையை எடுக்காமல்.
பின் சீட்டில் பழனாத்தாள் மடியில் என் கை,
எண்ணெய் துடைக்கும் வேஸ்ட் துணியில் சுற்றி.
சீட்டு உறையில் ஊறிய ரத்தத்தைப் பற்றி
இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை மனுசன்.

பிரஸ்ஸுக்கு முன்னால் இருந்த கம்பிக் கூண்டைச்
சித்திரையில் கழற்றி மூலையில் சாய்த்தார்களே,
அதைப் பற்றியும் பேசியதில்லை.
கூண்டோடு மணிக்கு நானூறு மூடி.
இல்லாமல் அறுநூறு.

மேனேஜர் ஆஸ்பத்திரிக்கே வந்தார்.
ஹார்லிக்ஸ், ஆரஞ்சு, அதற்கடியில் ஒரு தாள்.
ஒப்பு வேணும் என்றார்.
அவர்கள் பாஷையில் ஒப்பு என்றால் கையெழுத்து.
வாளையாறுக்கு இந்தப் பக்கம்
ஒப்புவது என்றால் சம்மதிப்பது.
இரண்டுக்கும் அன்று எனக்குக் கை வரவில்லை.
"எங்கில் விரல் மதி" என்று இங்க் பேடைத் திறந்தார்.
எந்த விரல் என்று கேட்டேன்.
பேடை மூடினார்.

மறுநாள் ஈ.எஸ்.ஐ கார்டு வந்தது,
ஒரு மாசத்துக்கு முந்தின தேதியோடு.
நாலு வருசம் கேட்டுக் கிடைக்காதது.
கார்டு வந்துவிட்டால் கோர்ட்டுக் கதவு சாத்திக்கொள்ளுமாம்.

மெமு ரயிலில் பழனாத்தாள் சொன்னாள்:
"ஏங்கண்ணு, அள்ளீட்டு ஓடுன மனுசன் மேலயா கேசு?
அப்பறம் நம்மூருப் பொம்பளைகள
கேட்டுக்குள்ள ஆரு உடுவா?"
எட்டிமடையில் ஏறுகிறவர்கள் இருபத்திரண்டு பேர்.
அவள் சொன்னதில் பாதி நிசம்.

கார் ஓட்டியதற்கு நன்றி சொல்லியாயிற்று,
ரெண்டு தடவை, கண்ணீரோடு.
கூண்டுக்கு யாரிடம் என்ன சொல்ல?
எல்லாரும் காரையும் கூண்டையும்
ஒரே தட்டில் போட்டு நிறுக்கிறார்கள்.
நான் கேட்பது
ரெண்டு தட்டு உள்ள தராசு.
தோற்றால் தோற்கிறேன்.

வக்கீல் சுலைகா அட்டவணையைத் தடவிப் படித்தார்.
ஆள்காட்டி விரலுக்குப் பதினாலு சதவீதம்.
நடுவிரலுக்குப் பன்னிரண்டு.
பிசைந்த சோறு வாய்க்கு வரும் வழியில் நழுவுவதும்
கண்டக்டர் தரும் சில்லறை உருண்டோடுவதும்
எந்த வரியில் வரும் என்று நான் கேட்கவில்லை.
கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
இந்தத் தேதியைத்தான் முதலில் பிடிக்கணும் என்றார்.

வக்காலத்தில் இடது கையால் எழுதினேன்.
பத்தாவது பாஸ், கைநாட்டு இல்லை நான்.
கோ, ஒரு பக்கம் சரிந்தது.
கி. ல. வா.
வெளியே இன்னொரு கட்சிக்காரர் செருமினார்.
கடைசி எழுத்தில் பேனா சறுக்கி
ரெண்டே சுழியோடு நின்றது.
"சாரமில்ல, ரெண்டு போதும்,
இங்க யாருக்குத் தமிழ் தெரியும்" என்றார் சுலைகா.

அடித்துவிட்டு
மறுபடி கோ-விலிருந்து தொடங்கினேன்.