பிடிபட்டது

நாலு கிலோ பீச் பிடிக்கும் பெட்டி.
அதில் இப்போது ஓர் உழவாரன் குருவி.
தகரக் கூரையில் மோதி, பெல்ட்டில் விழுந்து,
பழத்தோடு பழமாய் நகர்ந்து வந்தது.

பெர்பிஞானுக்கு மேற்கே, ஜூலை மாதம்.
பெல்ட்டை நிறுத்தினால் கூலியில் கை வைப்பார்கள்.
அதனால் நால்வரும்
கை ஓயாமல், கழுத்தை மட்டும் வளைத்துப் பார்த்தார்கள்.

முதலில் தொட்டவள் லொரெதானா, ரொவீகோக்காரி.
கட்டைவிரலில் நகம் இறங்கியது.
கத்தீவோ! என்று உதறினாள்.
பொல்லாதது.

வந்து ஒரு வாரமாகியும்
உப்பு கேட்பதற்கு மட்டுமே வாய் திறந்த தெயொலிந்தா
போர்ச்சுக்கீஸில் மெல்லச் சொன்னாள்:
கத்திவோ மெ.
என் மனசைப் பிடித்துக்கொண்டது.

பார்த்தாயா, இவளும் அதையேதான் சொல்கிறாள்
என்று லொரெதானா வெற்றியோடு விரலைச் சூப்பினாள்.

ஒதீல் உள்ளூர்க்காரி. கண்ணாடியைத் தூக்கிவிட்டு
ஷெதீஃப், என்றாள். நோஞ்சான். நாளைக்குத் தாங்காது.

ஹயேனிலிருந்து வந்த ரெமேதியோஸ்
மூடியைப் பாதி சாய்த்தாள்.
கௌதீவோ.
அடைபட்டிருக்கிறது. வேறென்ன?

ரோமாபுரிக் குதிரை ஒன்றின் பின்னால்
கயிற்றின் மறுமுனையில் நடந்தவன் பெயர் கப்தீவுஸ்.
பிடிபட்டவன். அவ்வளவுதான்.
வழியில் பார்த்தவர்கள்தான் ஆளுக்கொன்று சேர்த்தார்கள்.
போ நதிப் பக்கம் பாதிரிமார்
சாத்தான் கையில் பிடிபட்டவன் என்றார்கள்;
சாத்தான் பாதி வழியில் இறங்கிக்கொண்டான்,
பழி மட்டும் கூட நடந்தது.
பிரெஞ்சு மண்ணில் சோறு போடவில்லை,
எண்ணக் கிடைத்த விலா எலும்பே பெயராயிற்று.
கொள்ளைக் கப்பல்கள் ஆள் பிடித்த தென்கரையில்
கயிற்றை யாரும் மறக்க முடியவில்லை.
மேற்குக் கடலோரம் போய்ச் சேர்ந்தபோதோ
முடிச்சு எப்படியோ இடம் மாறியிருந்தது:
அங்கே கட்டுப்பட்டது பார்த்தவள்.

பன்னிரண்டு மணிச் சங்கு. பெல்ட் நின்றது.
தரையிலிருந்து இதனால் எழ முடியாது,
உயரம் வேண்டும் என்று ரெமேதியோஸ்
அடுக்கிய பலகைகள் மேல் ஏறினாள்.
ஆடிய பலகையை
காயம்பட்ட கையாலேயே பிடித்துக்கொண்டாள் லொரெதானா.

உள்ளங்கையை வெயிலில் நீட்டினாள்.
வெகுநேரம் அது அங்கேயே கிடந்தது.
ஒதீல் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள்.
பிறகு
சிறை விரித்தது.

பெட்டியில் ஒரு துளி எச்சம்.
லொரெதானா துடைத்துக் காகிதம் விரித்தாள்.
லியோனுக்குப் போகும் பெட்டி அது.
தெயொலிந்தா இன்னும் கூரை இடைவெளியையே பார்த்தபடி
அதே சொல்லை மறுபடி சொன்னாள்.

சேச்சே, என்றாள் லொரெதானா,
முதல் பழத்தை வைத்துக்கொண்டே,
அப்படியொன்றும் பொல்லாததில்லை, பாவம்.