மூன்றாம் எண் சட்டை

அச்சு இயந்திரம் சூடேற ஏழு நிமிடம் ஆகும்.
அதற்குள் எழுத்துகளை அடுக்கிவிடுவேன்.
ஷுவாலிச்.
முதல் எழுத்தின் தலையில்
குருவி வாய் பிளந்ததுபோல் ஒரு கொக்கி.
கடைசி எழுத்தின் மேல் ஒரு நகக்கீறல்.
லின்ஸில் இவை இரண்டையும் யாரும் ஒட்டியதில்லை.
பத்தொன்பது வயதுவரை
சிவப்புச் சட்டையில் அவன் சுவாலிக்.
திருத்தியதே இல்லை என்று
பேருந்திலிருந்து பையை இறக்கும்போது அவனே சொன்னான்,
என்னிடம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல்.

செனிட்சா. அக்டோபர். மழை விட்ட மாலை.
உருக்காலைப் புகை
மைதானத்துக்கு மேல் வந்து உட்கார்ந்திருந்தது.
மூச்சை இழுத்துப் பார்த்து
"எங்க ஊர் வாடை" என்றான்.
எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை.
அவன் அப்பா இங்கே உலையடியில் நின்றவர்.
போர் துரத்திய பிறகு அங்கே உலையடியில்.

அங்கே இடம் கிடைக்காமல்தானே இங்கே வந்தாய்
என்று எங்கள் தாள்கள் கேட்டன.
பந்தும் புல்லும் யார் கொடுத்தது
என்று வியன்னாத் தாள்கள் கேட்டன.
ஒரே ஒரு முறைதான் மாறலாம் என்கிறது விதி.
"கல்யாணத்துக்குக்கூட இதைவிடச் சலுகை உண்டு"
என்று எங்கள் கோல்கீப்பர் சிரித்தான்.
நெர்மின் சிரிக்கவில்லை, ஷூ நாடாவை அவிழ்த்து
மறுபடி கட்டினான்.

வந்திருந்தது ஆஸ்திரியா.
முதலில் அவர்கள் பாட்டு.
அதன் ஒவ்வொரு சொல்லும் அவனுக்கு மனப்பாடம்.
பதினாறு வயதில் அதைப் பாடியபோது
கேமரா அவன் உதட்டருகே வந்து நின்றதாம்,
சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொல்கிற மாதிரி.
இன்று பல்லைக் கடித்து நின்றான்.
தொண்டை மட்டும் ஏறி இறங்கியது.

பிறகு எங்கள் பாட்டு.
எங்கள் பாட்டுக்குச் சொற்கள் கிடையாது.
என்ன சொல் என்று ஒத்துக்கொள்ள முடியாமல்
மெட்டை மட்டும் வைத்துக்கொண்ட நாடு இது.
பதினொரு பேரும் வாய் மூடி நின்றார்கள்.
யார் இங்கே பிறந்தவன், யார் வந்து சேர்ந்தவன்,
கேமராவால் கண்டுபிடிக்க முடியவில்லை.
வாழ்க்கையில் முதல்முறை
அந்தத் தீராத சண்டைக்கு நன்றி சொன்னேன்.

எழுபத்தோராம் நிமிடம்
எங்கள் பெட்டிக்குள் உயரமாக ஒரு பந்து.
"லஸ்!" என்று கத்தினான் நெர்மின்.
விடு, இது என்னுடையது என்று அர்த்தம்.
ஜெர்மன். அவசரத்தில் நாக்கு தானாகப் போய் நிற்கும் இடம்.
எங்கள் தடுப்பாளன் பேகிச்சுக்கு ஒன்றும் புரியவில்லை,
பாய்ந்து இவன் மேலேயே விழுந்தான்.
இனி உள்ளே தட்டிவிடுவதுதான் பாக்கி.
அவர்களுடைய ஒன்பதாம் எண், வாலன்டின்,
லின்ஸ் விடுதியில் ஆறு வருடம் இவனோடு ஒரே அறை.
தூக்கிய காலை
அப்படியே நிறுத்திவிட்டான்.
பந்து அவர்களைத் தாண்டி உருண்டு
விளம்பரப் பலகையில் முட்டி நின்றது.

அரங்கம் அதை அதிர்ஷ்டம் என்றது.
தொலைக்காட்சி தடுமாற்றம் என்றது.
வாலன்டின் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்,
யாரோ இரவல் வாங்கித் திருப்பித் தந்ததைப் போல.
எனக்குக் கேட்டது.
அகதியாகப் போன கிராஸ் நகரில் நான்கு வருடம்
மருத்துவமனைத் துணி வெளுத்தவள் நான்.
எடு, விடு, சீக்கிரம், சூடு, ரத்தக்கறை.
அந்த மொழியில் எனக்குத் தெரிந்ததில் பாதி ஏவல்.

கோல் இல்லாமல் முடிந்தது.
உடைமாற்றும் அறைக்கு
சிவப்புச் சட்டையோடு வந்தான் நெர்மின்,
என் கூடையில் போட்டான்.
"சாயம் போகும். தனியாத் துவைங்க."
தெரியும் என்றேன், ஜெர்மனில்.
கதவருகே நின்று திரும்பிப் பார்த்தான்.
ஏதோ கேட்க வந்து, கேட்காமல் குளிக்கப் போனான்.

அவனுடைய மூன்றாம் எண் இப்போது
வாலன்டினின் பையில் இருக்கும்.
நாற்பது டிகிரிக்கு மேல் வைத்தால்
கொக்கிதான் முதலில் உரியும்.
அதை அவனிடம் யாரும் சொல்லவில்லை.