ஈறு

ஆகஸ்டிலேயே பாதி மேப்பிள் சிவந்துவிட்டது.
தெருப்பக்கம் பச்சை, வீட்டுப்பக்கம் சிவப்பு.
தபால்காரி நின்று படம் எடுத்துக்கொண்டு போனாள்.
நான் எடுக்கவில்லை.
டலூத் ஊர்க்காரர்களின் பற்களை
முப்பத்தோரு வருடம் சுரண்டிச் சுத்தம் செய்தவள் நான்.
ஒருபக்கம் மட்டும் நிறம் மாறினால்
எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் அழகு இல்லை.

வெர்ன் வருடா வருடம் மே மாதம்
நான்கு மூட்டை மரச்செதில் வாங்கி வருவான்.
சளி பிடித்த பிள்ளைக்கு மஃப்ளர் சுற்றுவதுபோல
அடிமரத்தைச் சுற்றிக் குவிப்பான்.
தட்டுவான். தள்ளி நின்று பார்ப்பான்.
பன்னிரண்டு மே.
தந்திக்கம்பம்போல நேராக
மண்ணுக்குள் இறங்கியிருந்தது மரம்.
வேர் விரிந்து தொடங்கும் இடுப்பையே காணோம்.

"நல்லதுக்குத்தான் போட்டேன்."
தெரியும்.
மிட்டாய் வாங்கிக் கொடுத்த அப்பாக்களும்
என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று
இதையேதான் சொன்னார்கள்.

கரண்டியால் அள்ளினேன். பிறகு கையால்.
பட்டை தெரிந்ததும்
அலமாரியிலிருந்து என் பழைய கொக்கிக் கருவியை எடுத்துவந்தேன்.
கறுத்து, ஊறி, தொட்டால் உதிர்கிற பட்டை;
வாடை, எனக்குப் பழகிய வாடை.
காற்றுக்கு ஏங்கி மேலே ஏறிவந்த
மயிர்வேர்கள், கொத்துக் கொத்தாக.
அதற்கும் கீழே
மணிக்கட்டுத் தடிமனில் ஒரு வேர்,
தன் மரத்தின் கழுத்தையே
அரைவட்டமாக வளைத்து இறுக்கியிருந்தது.

வெர்ன் ஜன்னலருகே
குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக்கொண்டிருந்தான்.
ஒரு கட்டமும் நிரப்பவில்லை, எனக்குத் தெரியும்.

இருட்டும் நேரம்
பனிக்கட்டியில் துளையிட்டு மீன் பிடிக்கும்போது
நெற்றியில் கட்டுகிற விளக்கோடு வந்தான்.
ஒரு முழங்காலுக்கு மட்டும் குஷன் வைத்து உட்கார்ந்தான்,
மற்றது உலோகம், அதற்கு வலிக்காது.
"எங்கே காட்டணும்?"
"இங்கே. ஆடாதே."

உளியை வைத்தேன். நான்கு அடி.
ஐந்தாவதில் வேர் விட்டுக்கொடுத்தது,
மெல்லிய முறிவுச் சத்தம்.
"கொப்பளிச்சுக்கோ" என்று வாய்வரை வந்துவிட்டது.
அழுந்திய தடம் அப்படியே இருந்தது,
கழற்றிய மோதிரத்தின் தடம்போல.
அவன் விரலால் தடவிப் பார்த்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.

பிழைக்குமா?
ஜூனில் துளிர்த்தால் தெரியும்.
அடுத்த வருடத்து மூட்டைகளைத்
தள்ளுபடியில் முன்பே வாங்கி
கராஜில் அடுக்கியிருக்கிறான்.

நவம்பர். முதல் பெரிய பனி.
காப்பியோடு கதவைத் திறந்தால்
வெர்ன் மேப்பிளடியில் குனிந்து
அடிமரத்துக்கும் பனிக்குவியலுக்கும் நடுவே
கையுறையைக் கழற்றிவிட்டு
வெறும் விரல்களை விரித்து
சாண் அளந்துகொண்டிருக்கிறான்.